ரெண்டு நாள் வெயில்

தும்முங்க சார், தும்முங்க. அடக்காதீங்க, அடக்குனா கண்ணுல தண்ணி வந்துரும். மிளகாதான். காலுக்குக் கீழ இந்தச் சாக்குப் பை இருக்குல்ல, இதுதான். வாயக் கட்டித்தான் கொண்டாந்தேன். பஸ்ஸு குலுங்குற குலுக்குல நெடி வெளிய வந்துருது. சன்னல இன்னங் கொஞ்சம் தள்ளி விடுங்க. ஆங், போதும். பரமக்குடின்னு சீட்டு வாங்குனீகள்ல, கேட்டேன். நானும் பரமக்குடிதான். பத்திர ஆபீசுல ஒரு கையெழுத்துப் போடணும். தம்பி திருப்பூர்லருந்து வாறான். பஸ் ஸ்டாண்டுல நிப்பான்.

சார் என்னா வேலை பாக்குறீக? ஆஸ்பத்திரியா? டாக்டரா? ஓ, லேப்பு. ரத்தம் சளியெல்லாம் டெஸ்ட் எடுக்கிறது. அங்க கிருமியெல்லாம் தட்டுல போட்டு வளப்பீகளாமே, நெசமா? அப்ப உங்களுக்குக் கிருமியப் பத்தித் தெரியும். நல்லதாப் போச்சு. ஒரு சங்கதி சொல்றேன், கேளுங்க. இன்னும் ஒரு மணி நேரம் ஓடணும்ல பஸ்ஸு.

எம் பேரு அங்குச்சாமி. எங்க பக்கம் வந்து அங்குச்சாமின்னு கேட்டா எந்த அங்குச்சாமிம்பாக. காயப்போடுற அங்குச்சாமின்னு சொன்னா எங்க வீட்டுக்குக் கையக் காட்டுவாக. குண்டு மிளகா, பாத்திருப்பீக, உருண்டையா இருக்கும். அது காஞ்சது பதமான்னு பாக்க ஒரே வழிதான். ஒண்ண எடுத்துக் காதோரம் வச்சு ஆட்டணும். உள்ள வெதை கலகலங்கணும். ஈரம் இருந்தா சத்தம் வராது. ஈரம் இருந்தா நாலாம் நாள் உள்ளுக்குள்ள பூசணம் பிடிச்சிரும், வெளிய தெரியாது. யாவாரிக எங்கிட்ட மட்டும் ஆட்டிப் பாக்க மாட்டாக. அங்குச்சாமி களத்துச் சரக்குன்னா அப்படியே அள்ளிக்கிட்டுப் போயிருவாக. முப்பது வருசமா ஒரு சாக்கு திரும்பி வந்ததில்ல சார். எனக்குன்னு இருக்கிற பேரு அது ஒண்ணுதான்.

கல்யாணம் கட்டல. அய்யா சாகுறப்ப தம்பிக்கு ஆறு வயசு. வழிவிட்டான்னு பேரு, எங்க பக்கம் அய்யனாரு பேரு அது. அவன ஆளாக்குறதுலயே நாள் போயிருச்சு. அப்புறம் அவனுக்குக் கட்டி வச்சேன், அழகுமீனான்னு நல்ல பிள்ளை. ஒரே வீடு, ஒரே ஒலச் சோறு. மூணு குறுக்கம் கருசக்காடு, மூணு ஏக்கர்னு வச்சுக்கங்க. அதுல மிளகா.

மூணு வருசமா வாடல் நோய் சார். செடி நல்லா வரும், பூ எடுக்கும். ஒரு மழை பெஞ்சு விட்டா, காலைல பச்சையா நிக்கிறது மத்தியானம் தலையத் தொங்கப் போட்டுரும். மறுநாள் பிடுங்குனா வேரு கறுத்து, கையோட வந்துரும். மண்ணுக்குள்ள இருக்கிற பூஞ்சாணமாம். என்னென்னமோ மருந்து ஊத்துனோம். கேக்கல. சுத்தி இருந்தவுக எல்லாம் காட்ட சோலார் தகட்டுக் கம்பெனிக்குக் குடுத்துட்டாக. எங்க காடு மட்டும் நடுவுல. கம்பெனிக்காரன் வாரம் ஒருக்கா வருவான். வணக்கம்பான், மோர் வாங்கிக் குடிப்பான், போவான்.

நான் குடுத்துருவோம்டான்னுதான் சொன்னேன். வழிவிட்டான்தான் கேக்கல. "அண்ணே, ஒரே ஒரு வருசம். இந்த வருசமும் வாடிருச்சுன்னா நானே மொதக் கையெழுத்துப் போடுறேன். எனக்கு இந்தக் காட்ட விட்டா வேற எங்கயும் போய் நிக்கத் தெரியாதுண்ணே"ன்னான். நாப்பது வயசு ஆளு, கையப் பிசைஞ்சுக்கிட்டு நின்னு கேக்குறான். சரின்னுட்டேன்.

அப்பத்தான் அந்தப் பொடி வந்துச்சு. வெவசாய ஆபீசுல ஏதோ பயிற்சின்னு போனான். வாறப்ப பஜாரு உரக்கடையிலருந்து ஒரு அட்டப்பெட்டி தூக்கிட்டு வந்தான். உள்ள பன்னெண்டு பாக்கெட்டு, வெள்ளையாப் பொடி. பேரு சூடோமோனாஸ். என்னடா இதுன்னேன். கிருமின்னான். நாங் கேட்டேன், ஏண்டா, ஊரெல்லாம் கிருமிக்குப் பயந்து கையக் கழுவிக்கிட்டிருக்கு, நீ கடையில போய் வாங்கிட்டு வந்திருக்கியேன்னு. அழகுமீனா கூடச் சிரிச்சுச்சு. அவன் சிரிக்கல. "இது நல்ல கிருமிண்ணே. எருவுல கலந்து போடணும், நாத்து வேர முக்கி நடணும். வேரச் சுத்தி இது காவலுக்கு ஒக்காந்துக்கிடும். பூஞ்சாணத்தக் கிட்ட விடாது. உயிருள்ள சாமான்ணே, பாத்து வச்சுக்கிறணும்"ன்னு சொல்லி, அடுப்படியில தண்ணிப் பானைக்குப் பக்கத்துல, நெழலாப் பாத்து அடுக்கி வச்சான். பிள்ளத்தாச்சியப் பாக்குற மாதிரி நாளைக்கு நாலு தடவை போய்ப் பாத்துக்கிட்டான்.

சார், தண்ணி குடிக்கிறீகளா? வேணாமா, சரி.

நாத்து நடுறதுக்கு ஒரு வாரம் இருக்கு. அழகுமீனாவுக்கு வயித்துல கட்டி, மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆயிருச்சு. நாலு நாள் ஆஸ்பத்திரி. போறப்ப வாசல்ல நின்னு ஒண்ணே ஒண்ணு சொன்னான், "அண்ணே, பொடி பத்திரம்." அம்புட்டுத்தான். கட்டிய எடுத்துட்டாக, ஒண்ணுமில்லன்னுட்டாக, அது வேற கதை.

அவன் போன அன்னைக்கே மழை. ரெண்டு நாள் விடாம. எங்க வீடு ஓட்டு வீடு, அடுப்படியில ஒரு பக்கம் ஒழுகும். நான் போய்ப் பொடியத் தொட்டுப் பாத்தேன். பாக்கெட்டு உள்பக்கம் வேர்த்திருக்கு சார். பிதுக்கிப் பாத்தா கட்டி கட்டியா நிக்குது. ஈரம். முப்பது வருசமா நான் கண்ட எதிரி. பூசணத்த விரட்ட வாங்கிட்டு வந்த சாமான்லயே பூசணம் புடிச்சா என்னத்துக்கு ஆகும்? எந்தம்பி அதத்தான மலையா நம்பிக்கிட்டிருக்கான்.

மூணாம் நாள் வெயில் அடிச்சுச்சு. மழைக்குப் பின்னால அடிக்கிற புரட்டாசி வெயில் உங்களுக்குத் தெரியும்ல, முதுகுத் தோல் உரிஞ்சிரும். களத்தக் கூட்டி, தார்ப்பாய விரிச்சு, ஒவ்வொரு பாக்கெட்டா ஓரத்துல நறுக்கிக் கொட்டுனேன். மெலிசாப் பரத்துனேன், கனமாப் போட்டா அடி காயாது. காத்துல பறந்துராம ஓரத்துல ஓலைய நட்டு மறைச்சேன். மணிக்கு ஒருக்கா வெரலால கிண்டி விட்டேன். கோழிய வெரட்டிக்கிட்டு ரெண்டு நாளும் அங்கனயே ஒக்காந்திருந்தேன், மத்தியானச் சோத்துக்குக் கூட எந்திரிக்கல. ரெண்டாம் நாள் சாயங்காலம் அள்ளிப் பாத்தா வெரலிடுக்குல பொலபொலன்னு ஓடுது. சூடு ஆற வச்சு, பாக்கெட்டுல போட்டு, நூல் போட்டுக் கட்டி, இருந்த எடத்துலயே இருந்த மாதிரி அடுக்கிட்டேன். மிளகாயக் கூட அம்புட்டுப் பக்குவமா நான் காயவச்சதில்ல சார்.

தம்பி வந்தான். அவங்கிட்ட அதச் சொல்லல. மறைக்கணும்னு இல்ல. சோறாக்குனேன், வாசல் தெளிச்சேன்னு யாராவது சொல்லிக்கிட்டிருப்பாகளா? வீட்டுல ஒரு சாமான் ஈரமா இருந்தா நான் காயவைப்பேன். அது என் வேலை.

எருவுல கலந்தோம், அண்டாவுல கரைச்சு நாத்து வேர முக்குனோம். நட்டுக்கிட்டே வந்தா கடைசியில ரெண்டு வரிசைக்குப் பொடி பத்தல. பாக்கெட்டு பதினொண்ணுதான் இருக்கு, பன்னெண்டாவது எங்கன்னு தேடுறான். பானைக்கு அங்கிட்டு, செவுத்துச் சந்துல விழுந்து கெடந்திருக்கு. நான் பாக்காத பாக்கெட்டு. எடுத்துப் பிரிச்சா கட்டி கட்டியா இருக்கு. "டேய், இது வேணாம்டா, ஈரம் பட்டது, நல்ல நாத்தையும் கெடுத்துரும்"னேன். "கெடக்கட்டும்ணே, வீணாக்க வேணாம்"னு அதையும் கரைச்சு முக்கி, பனமரத்து ஓரம் இருந்த அந்த ரெண்டு வரிசைய நட்டு முடிச்சான். எனக்கு மனசே இல்ல. ரெண்டு வரிசைதான போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்.

காத்திகை மாசம் வரைக்கும் செடி சொக்கத் தங்கமா நின்னுச்சு சார். வழிவிட்டான் காட்டுலயேதான் கெடப்பான். சோலார்க்காரன் வந்தப்ப மோர் குடுத்துட்டு, "இந்த வருசம் நீங்க வேற பக்கம் பாருங்க"ன்னான். நாந் தம்பிய அப்படிப் பேசி அதுக்கு முன்னப் பாத்ததில்ல.

மார்கழி மொதல்ல ஒரு மழை. மூணாம் நாள் போய்ப் பாத்தா தலையத் தொங்கப் போட்டிருச்சு. அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. அப்புறம் வரிசை வரிசையா. பத்து நாள்ல காடு பூரா. அவன் செடியப் பிடுங்குறது, வேரப் பாக்குறது, கீழ போடுறது. பிடுங்குறது, பாக்குறது, போடுறது. நான் வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அழுகை வரும்னு நெனச்சேன். வரல. கோவமும் வரல. அன்னைக்கு மரத்துப் போனது சார், இன்னும் அப்படியேதான் இருக்கு. உங்ககிட்டச் சொல்றேன்ல, யாரோ ஒருத்தன் வீட்டுக் கதைய நான் சொல்ற மாதிரிதான் இருக்கு எனக்கு.

ஆனா பாருங்க, அந்தப் பனமரத்து ஓரம், கடைசி ரெண்டு வரிசை. ஒரு செடி சாகல. நான் போட வேணாம்னு சொன்ன பொடி.

வெவசாய ஆபீசு மேடம் வந்தாக. சின்னப் பொண்ணுதான், வெயில்ல தொப்பி கூடப் போடாம காடு பூரா நடந்துச்சு. வாடுனதுல ஒண்ணப் பிடுங்குச்சு, ரெண்டு வரிசையில ஒண்ணப் பிடுங்குச்சு. ரெண்டு வேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, "இந்த ரெண்டு வரிசையில பாக்டீரியா வேலை செஞ்சிருக்கு. மத்த பொடியில உயிர் இல்ல, போடுறதுக்கு முன்னாடியே செத்திருக்கணும். எங்க வச்சிருந்தீங்க?"ன்னு கேட்டுச்சு. தம்பி அடிச்சுச் சொன்னான், "நெழல்லதான் மேடம், தண்ணிப் பானைக்குப் பக்கத்துல. எங்க அண்ணன் காவலுக்கு இருந்தாரு." நானும் ஆமான்னேன். அப்ப கடையில குடுத்ததே பழைய சரக்கா இருக்கணும்னு எனக்குத் தோணுச்சு. தோணுமா தோணாதா சார்?

மறுநாளே ரெண்டு பேரும் கடைக்குப் போனோம். வழிவிட்டான் கத்துனான் பாருங்க, பஜாரே கூடிருச்சு. "எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே"ன்னு. நானும் பங்குக்கு நாலு வார்த்தை. ஏமாத்துக்காரப் பயன்னு சொன்னேன். கடைக்காரரு வயசான மனுசன், கையக் கும்பிட்டுக்கிட்டே சொல்றாரு, "அய்யா, உங்களுக்குக் குடுத்த அதே லோடுச் சரக்குதான் நாலு ஊருக்குப் போயிருக்கு. நீங்களே போய்ப் பாத்துக்கங்க, காடு நிக்குது." தம்பி அங்கருந்து நேரா அந்த நாலு ஊருக்கும் போயிப் பாத்துட்டான். நிக்குதுதான்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து வாசல்ல ஒக்காந்துட்டான். "எப்படிண்ணே, எப்படிண்ணே"ன்னு அதையே திருப்பித் திருப்பிக் கேக்குறான். எனக்கு அவனப் பாக்கச் சங்கடமாப் போச்சு. நம்ம மேல ஒரு குத்தமும் இல்லன்னு அவனுக்குத் தெரியணும்ல. தெம்பு சொல்லணும்னுதான் சொன்னேன், "டேய், நாம ஒரு கொறையும் வைக்கலடா. நீ மதுரையில இருந்தப்ப மழை பெஞ்சு பொடி ஈரமாயிருச்சு. விட்டுட்டேனா? ரெண்டு நாள் வெயில்ல போட்டு, கிண்டிக் கிண்டிக் காயவச்சு எடுத்து வச்சேன். நம்ம பக்கம் தப்பே இல்லடா."

நிமுந்து என்னப் பாத்தான் சார்.

பாத்தான், பாத்துக்கிட்டே இருந்தான். வாயத் தெறந்தான். மூடிக்கிட்டான். உள்ள அழகுமீனா கையில இருந்த ஏனத்த அப்படியே கீழ வச்சது எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் அவன், "சரிண்ணே"ன்னான். எந்திரிச்சுக் காட்டுப் பக்கம் போயிட்டான். பொழுது அடைஞ்சுதான் வந்தான். வந்து, "சாப்டியாண்ணே"ன்னு கேட்டான். அம்புட்டுத்தான்.

அதுக்கப்புறம் அவன் செஞ்சது ஒண்ணும் எனக்குப் புரியல. மறுநாள் தனியாக் கடைக்குப் போயிருக்கான். அந்தப் பெரியவர்ட்ட கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டானாம். பாத்தவுக வந்து சொன்னாக. எதுக்குக் கேக்கணும்? நான் கேட்டதுக்கு, "விடுண்ணே, பெரிய மனுசன்"ன்னுட்டான்.

அதாவது போகட்டும். ரெண்டு நாள் கழிச்சு அந்த மேடம் போன் பண்ணுச்சு. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்தேன், என்னப் பாக்காம அவன் அந்தப் பக்கம் நின்னு பேசுறான். "ஆமா மேடம். ஈரமாயிருச்சு, நான்தான் மேடம் வெயில்ல போட்டுக் காயவச்சேன். இல்ல, எங்க அண்ணனுக்குத் தெரியாது. நான்தான்."

எப்படி இருக்கும் சார் எனக்கு? ரெண்டு நாள், மத்தியானச் சோறு இல்லாம, கோழிய வெரட்டிக்கிட்டு முதுகு பொசுங்க ஒக்காந்திருந்தவன் நான். ஆபீசருகிட்டப் பேரெடுக்கணும்னு, நான்தான் செஞ்சேங்கிறான். என்னப் பத்தி ஒரு வார்த்தை, எங்க அண்ணன் அதுல கெட்டிக்காரருன்னு ஒரு வார்த்தை, சொன்னா என்னா கொறைஞ்சா போயிருவான்? ஆறு வயசுலருந்து தோள்ல தூக்கி வளத்தவன். எனக்குன்னு இருக்கிறதே அந்த ஒரு பேருதான். அதையும் அவன் எடுத்துக்கிட்டான். நான் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? அன்னைலருந்து நானும் அவங்கிட்டப் பேச்சக் கொறைச்சுக்கிட்டேன்.

அவன் வார்த்தை தவறல. தை முடியவும் கம்பெனிக்காரன வரச் சொல்லி, குடுத்துர்றோம்னுட்டான். மாசியில அழகுமீனாவக் கூட்டிக்கிட்டுத் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். போறப்ப அந்தப் பிள்ளை, "அத்தான், நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீக, வேளாவேளைக்குச் சாப்பிடுங்க"ன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சொல்லுச்சு. நான் எதுக்கு மனசுல வைக்கணும்? பேரத் தூக்கிட்டுப் போனது அவன். வாரம் ஒருக்காப் போன் பண்ணுவான். சாப்டியாண்ணே, உடம்பு எப்படிண்ணே. வேற ஒண்ணும் பேச மாட்டான். நானும் ம்னு சொல்லுவேன். இப்பமும் மூணு பேருக்குத்தான் ஒல வைக்கிறேன் சார். அரிசிய அளந்து போட்டப்புறந்தான் தெரியுது. மிஞ்சுனத மாட்டுத் தொட்டியில கொட்டுறேன். வருத்தமான்னு கேட்டா வருத்தம்னும் சொல்லத் தெரியல. கை அதுபாட்டுக்கு அளக்குது.

இந்தப் பை? இது அந்த ரெண்டு வரிசை. பங்குனியில பழுத்துச்சு. நானே பறிச்சு, நானே காயவச்சேன். காட்டுல கடைசியா வெளைஞ்சது, இனிமே அங்க தகடுதான் நிக்கும். அவன் பங்கு ஒரு பாதி அவனுக்குப் போகணும்ல. இந்தாங்க, ஒண்ண எடுத்துக் காதோரம் வச்சு ஆட்டிப் பாருங்க. சும்மா ஆட்டுங்க. கேக்குதா? கலகலங்குதா? எப்படி?

அந்த ரெண்டு வரிசை மட்டும் ஏன் நின்னுச்சுன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். பனமரத்து நெழலா இருக்கும். இல்லாட்டி அந்தப் பக்கம் மண்ணு வாகு. இன்னைக்குக் கையெழுத்துப் போட்டு முடிச்சதும் அவங்கிட்ட நானே சொல்லிரலாம்னு இருக்கேன். சரிடா, நீதான் காயவச்ச, பேரு உனக்கே இருக்கட்டும், அதுக்காக அண்ணன் மூஞ்சியப் பாக்காம இருக்காதன்னு. சின்னவன்தான, விட்டுக் குடுத்துருவோம்.

நீங்க கிருமி வளக்குறவுக. நீங்க சொல்லுங்க சார், அந்தக் கடைச் சரக்குல என்னதான்...

என்னா சார்? ஏன் இப்படிப் பாக்குறீக?

இல்ல, எம்மூஞ்சியில என்னா இருக்கு? எந்தம்பியும் அன்னைக்கு வாசல்ல ஒக்காந்து இப்படித்தான் பாத்தான். இதே மாதிரிதான் வாயத் தெறந்துட்டு மூடுனான். ஏதோ சொல்ல வந்தீக. சொல்லுங்க சார். அவன்தான் சொல்லாமப் போயிட்டான், நீங்களாவது சொல்லுங்க.

எங்க எந்திரிக்கிறீக? இது பார்த்திபனூர் சார். பையத் தாண்டிப் போங்க, பாத்து, பாத்து. சார், பரமக்குடிக்குத்தான சீட்டு வாங்குனீக?